நாற்பதுக்கு மேல் தொந்தி கரையாதது ஏன்?

பீரோவைத் திறந்து, கலியாணத்துக்குத் தைத்த சட்டையை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பொத்தான் எட்டுகிறதா?

எட்டினால் நீங்கள் பாக்கியசாலி. இந்தக் கட்டுரையை வீட்டில் மற்றவர்களிடம் கொடுத்துவிடலாம்.

பெரும்பாலோருக்கு எட்டாது. நாலு விரற்கடை இடைவெளி நிற்கும். "சட்டை சுருங்கிவிட்டது" என்று சலவைக்காரர் மேல் சிலர் பழி போடுவார்கள். "சட்டை சுருங்கவில்லை, நீங்கள்தான் விரிந்துவிட்டீர்கள்" என்பார் வீட்டு அம்மாள். அந்த அம்மாளின் முகூர்த்த ரவிக்கையும் அதே பீரோவில்தான் இருக்கிறது. அதைப் பற்றி அய்யா வாய் திறக்க மாட்டார்!

வேடிக்கை இருக்கட்டும். இருபத்தைந்து வயதில் இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தால் போதும், இளைத்துவிடுகிறோம். நாற்பத்தைந்து வயதில் இரண்டு மாதம் வாயைக் கட்டினாலும் தராசு முள் அசைய மாட்டேன் என்கிறது. ஏன்?

"வயசாச்சு, அப்படித்தான்." எல்லோரும் சொல்லும் பதில் இது. வயது ஏற ஏற உடம்பில் இருக்கும் நெருப்பு தணிந்துவிடுகிறது. தின்றது எரியாமல் கொழுப்பாகத் தங்கிவிடுகிறது என்று விளக்கமும் சொல்வார்கள். டாக்டர்களில் பலரும் நெடுங்காலம் இதையே நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை 2021-ல் ஆட்டம் கண்டது. அதைச் சொல்வதற்கு முன்னால், இந்த விஷயம் இப்போது ஏன் வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்டது என்று பார்ப்போம்.

பத்துப் பேரில் நாலு பேர்!

மத்திய அரசு சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை வீடு வீடாக ஆள் அனுப்பி, குடும்ப நலக் கணக்கு எடுக்கிறது. உயரம் பார்க்கிறார்கள். எடை பார்க்கிறார்கள்.

2015–16-ல் எடுத்த கணக்கில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அளவுக்கு மேல் பருமனாக இருந்தார்கள். 2019–21 கணக்கில் அது 40 ஆகிவிட்டது. ஆண்களில் 28 பேராக இருந்தது 37 ஆயிற்று. இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெண்களில் 24 பேர், ஆண்களில் 23 பேர்தான். நாம் எவ்வளவு முன்னால் போய்விட்டோம் பாருங்கள்!

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 15 வயது முதல் 49 வயது வரை உள்ளவர்களின் கணக்கு இது. ஐம்பதைத் தாண்டியவர்கள் இதில் இல்லவே இல்லை.

2023-ல் மற்றொரு கணக்கு வெளிவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்து டாக்டர்கள் முன்நின்று எடுத்தது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கலாம் என்று அது கூறியது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புப் போட்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர். தொந்தியும் சர்க்கரை வியாதியும் உறவுக்காரர்கள் என்பதை இப்போது சொல்லித்தர வேண்டியதில்லை.

2025 பிப்ரவரியில் பிரதமர் மோடி வானொலியில் பேசும்போது, சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைத்துக்கொள்ளும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே 'மவுஞ்சாரோ' என்ற ஊசி மருந்து இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஜூன் மாதம் 'வெகோவி' வந்தது. வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் பசி அடங்குகிறது, எடை இறங்குகிறது. இந்த ஊசிகளைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துப் பேசுவோம்.

தண்ணீர் சொன்ன சாட்சி

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. டியூக் பல்கலைக்கழகத்து ஹெர்மன் பான்ட்சரும், பல நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து எழுதியது.

29 நாடுகள். 6,400-க்கும் அதிகமான மனிதர்கள். அவர்களில் மிகச் சிறியது பிறந்து 8 நாள் ஆன குழந்தை. மூத்தவருக்கு வயது 95!

ஒரு மனிதனின் உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு எரிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. சாதாரணத் தண்ணீரில் இருப்பதைவிடச் சற்றுக் கனமான அணுக்கள் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். அதனால் கெடுதல் எதுவும் இல்லை. அந்தக் கன அணுக்கள் உடம்பை விட்டு எவ்வளவு வேகமாக வெளியேறுகின்றன என்று, சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் பார்த்தால், அந்த மனிதர் நாளொன்றுக்கு எத்தனை கலோரி எரித்தார் என்று கணக்குப் போட்டுவிடலாம். (கலோரி என்பது உணவில் இருக்கும் எரிபொருளுக்கு அளவு. ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 16 முதல் 20 கலோரி வரை இருக்கும்.)

பெரிய உடம்பு அதிகமாக எரிக்கும். சிறிய உடம்பு குறைவாக எரிக்கும் அல்லவா? அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தார்கள்.

ஒரு வயதுக் குழந்தையின் உடம்புதான் எல்லோரிலும் வேகமாக எரிக்கிறது. பெரியவர்களைவிட ஒன்றரை மடங்கு! பிறகு அந்த வேகம் மெள்ள மெள்ளக் குறைந்து, 20 வயதில் ஒரு நிலைக்கு வருகிறது.

அதற்குப் பிறகு?

20 வயது முதல் 60 வயது வரை ஒரே அளவு. முப்பதில் இறங்கவில்லை. நாற்பதில் இறங்கவில்லை. ஐம்பதிலும் இறங்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. 60 வயதுக்குப் பிறகுதான் குறையத் தொடங்குகிறது. அதுவும் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான்.

அதாவது, தொந்தி போட்ட நாற்பத்தைந்து வயதுக்காரரின் அடுப்பும், கல்லூரியில் படிக்கும் அவர் மகனின் அடுப்பும் ஒரே சூட்டில்தான் எரிகின்றன!

அப்படியானால் குற்றவாளி யார்?

அடுப்பே சிறிதாகிறது

"உடம்பின் அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தார்கள்" என்று மேலே சொன்னேன் அல்லவா? சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. அளவு என்றால் வெறும் எடை மட்டும் இல்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய உடம்பு எவ்வளவு என்று பிரித்துத்தான் பார்த்தார்கள். கொழுப்பு நீங்கிய உடம்பில் பெரும்பங்கு தசை. தசை குறைந்தால், எரிவதும் குறைந்துதான் போகும். அடுப்பின் சூடு குறையவில்லை, அடுப்பே சிறிதாகிவிடுகிறது.

முப்பது வயதைத் தாண்டியதும் தசை கரையத் தொடங்குகிறது. பத்து ஆண்டுகளுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை போகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆகையால் யாருக்கும் தெரிவதில்லை. ஒருநாள் அரிசி மூட்டையைத் தூக்கப் போகும்போது, "என்ன, இவ்வளவு கனக்கிறதே!" என்று தோன்றும். மூட்டை பழைய மூட்டைதான்.

தராசும் இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு கிலோ தசை போய், இரண்டு கிலோ கொழுப்பு வந்தால், முள் அதே இடத்தில்தான் நிற்கும். கறியையும் கொழுப்பையும் பிரித்து நிறுக்கத் தராசுக்குத் தெரியாது.

இங்கே ஒரு தப்பான பேச்சையும் சொல்லிவிட வேண்டும். "தசை இருந்தால் போதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கொழுப்பை எரித்துத் தள்ளும்" என்று சில உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்கிறார்கள். அது மிகைப் பேச்சு. சும்மா இருக்கும்போது ஒரு கிலோ தசை நாளொன்றுக்கு எரிப்பது சுமார் 13 கலோரிதான். ஒரு தேக்கரண்டி சர்க்கரைக்கும் காணாது! ஒரு கிலோ கொழுப்பு எரிப்பது நாலரை கலோரி.

தசையின் பெருமை அது வேலை செய்யும்போதுதான். நடக்கும்போது, மாடி ஏறும்போது, குடம் தூக்கும்போது அது பல மடங்கு எரிக்கிறது. அதோடு, சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்வதில் பெரும்பங்கு தசைக்குத்தான். தசை குறைந்தால் சர்க்கரைக்குத் தங்க இடம் இல்லை. கால் பலம் போனால் நடை குறையும். நடை குறைந்தால் தசை இன்னும் குறையும். இப்படி ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகிறது.

அம்மி போயிற்று, ஆட்டுக்கல் போயிற்று

நம் பாட்டிமார் அம்மியில் அரைத்தார்கள். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினார்கள். கிணற்றில் நீர் இறைத்தார்கள். நான் அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று சொல்லவில்லை. அந்த வேலையில் பாட்டிமார் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். மிக்சியும் கிரைண்டரும் வந்தது நல்லதே. ஆனால் கைக்கும் தோளுக்கும் இருந்த வேலை போயிற்று. அந்த இடத்தில் வேறு வேலை எதுவும் வரவில்லை. தட்டில் சோற்றின் அளவும் மாறவில்லை.

ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். இருபத்திரண்டு வயதில் பஸ்சுக்கு ஓடினார். சாயங்காலம் பந்து விளையாடினார். இருபத்தெட்டில் மோட்டார் சைக்கிள் வந்தது. முப்பத்தைந்தில் உத்தியோக உயர்வு வந்தது. உயர்வு என்றால் என்ன? நின்று செய்த வேலையை இனி உட்கார்ந்து செய்யலாம் என்று அர்த்தம்! நாற்பதில் மூட்டு வலி வந்தது. மூலைக் கடைக்கும் வண்டி.

தாய்மார்கள் விஷயம் வேறு. குழந்தை தட்டில் வைத்த மிச்சம், மதியம் மீந்த சாம்பார் சாதம், பள்ளிக்கூட டப்பாவில் திரும்பி வந்த பாதி தோசை எல்லாம் எங்கே போகின்றன? குப்பைக் கூடைக்குப் போனால் மனம் பொறுக்காது. "வீணாகப் போகக் கூடாதே" என்று வாயில் போட்டுக்கொள்வார்கள். அது சாப்பாட்டுக் கணக்கில் சேராது. உடம்பு மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

ஆண்டுக்கு அரைக் கிலோ கூடினால் யாருக்காவது தெரியுமா? தெரியாது. இருபது ஆண்டுகளில் அது பத்துக் கிலோ! ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு உடம்பில் மிஞ்சித் தங்கியது பத்தே கலோரிதான். அரைத் தேக்கரண்டி சர்க்கரை! இருபது ஆண்டுகளாகச் சேர்ந்ததை இரண்டு மாதத்தில் இறக்கிவிடலாம் என்று புறப்பட்டால் நடக்குமா?

தூக்கத்தையும் மறக்கக் கூடாது. 2010-ல் சிகாகோ பல்கலைக்கழகத்து டாக்டர்கள் பத்துப் பேரை வைத்துச் சோதித்தார்கள். எல்லோரும் நடுத்தர வயதுக்காரர்கள், சற்றுப் பருமனானவர்கள். இரண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்க விட்டார்கள். மற்றொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம்தான். இரண்டு தடவையும் ஒரே மாதிரி குறைந்த சாப்பாடு. இரண்டு தடவையும் எடை ஏறத்தாழ ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் கெட்டபோது 0.6 கிலோ. மிச்சம் போனதில் பெரும்பகுதி தசை முதலான நல்ல சதை! கடன், பிள்ளைகள் படிப்பு, பெற்றோர் வைத்தியம் என்று நடுத்தர வயதில் யாருக்கு நிம்மதியான தூக்கம் இருக்கிறது?

பெண்களுக்குக் கூடுதல் சுமை

நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டி மாதவிலக்கு நிற்கிறது. அப்போது 'ஈஸ்ட்ரோஜன்' என்ற சுரப்பு குறைகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு, அதற்குப் பிறகு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. எலும்பின் உறுதியும் தசையின் பலமும் அதே சமயத்தில் குறைகின்றன. ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பதால் தூக்கமும் கெடுகிறது.

இவ்வளவும் ஒன்றாக வந்து சேரும்போது, "சாப்பிட்டுச் சாப்பிட்டு ஊதிவிட்டாய்" என்று வீட்டில் கேலி பேசுகிறவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். அந்த அம்மாள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவர். பருப்பும் காயும் தீர்ந்துபோய், சோறும் ரசமும்தான் அவர் தட்டுக்கு மிஞ்சியிருக்கும்.

அணுகுண்டு சொன்ன ரகசியம்

கொழுப்புக்கும் வயதாகிறது என்பதை 2019-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த விதம்தான் வினோதம்!

1963-ல் உடன்படிக்கை வரும் வரையில், வல்லரசுகள் ஆகாயத்தில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதனை செய்தன. அதனால் காற்றில் ஒருவகைக் கதிரியக்கக் கரி அதிகமாயிற்று. பிறகு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. காற்றிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து நம் உடம்புக்கும் அது வந்தது. ஒரு துளிக் கொழுப்பில் அந்தக் கரி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், அந்தக் கொழுப்பு எந்த ஆண்டு வந்து குடியேறியது என்று சொல்லிவிடலாம்!

54 பேரைச் சராசரி 13 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் கொழுப்பு இடம் காலி செய்யும் வேகம் வயதோடு குறைந்திருந்தது. எடை கூடியவர்களுக்கும் குறைந்தது. எடை குறைந்தவர்களுக்கும் குறைந்தது. அதற்கேற்ப உணவைக் குறைத்துக்கொள்ளாதவர்களுக்கு எடை சராசரி 20 சதவீதம் கூடிவிட்டது. வாடகை வீட்டுக்கு வந்தவர் காலி செய்யாமல் சொந்தம் கொண்டாடுவது போலத்தான்!

ஆகவே வயதின் மேல் குற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் ஜனங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

பட்டினி கிடந்தால்?

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். தொந்தி கரையவில்லை என்றதும் சோற்றை அறவே நிறுத்துகிறார்கள். காலையில் வெந்நீர், ராத்திரி இரண்டு பிஸ்கட். பத்து நாளில் மூன்று கிலோ இறங்குகிறது. "பார்த்தாயா!" என்று பெருமை. மூன்றாம் மாதம் நாலு கிலோ ஏறுகிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அரசாங்க விஞ்ஞானிகள் சோதித்தார்கள். 2016-ல் முடிவு வெளியாயிற்று. போட்டியின்போது அவர்கள் சராசரி 58 கிலோ இறக்கியிருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் 41 கிலோ திரும்பிவிட்டது! அதைவிட ஆச்சரியம், அவர்கள் உடம்பு அந்த அளவு உடம்புக்கு எரிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணி, உடம்பு சிக்கனம் பிடித்தது. பஞ்சம் தீர்ந்த பிறகும் அந்தச் சிக்கனத்தை விடவில்லை.

பட்டினியில் இறங்கும் எடையில் கொழுப்பு மட்டும் போவதில்லை. தசையும் போகிறது. திரும்பி ஏறும்போதோ வயதானவர்களுக்குக் கொழுப்புதான் அதிகமாக ஏறுகிறது. நாற்பத்தைந்து வயதுக்காரர் இப்படி எத்தனை தடவை இறங்கி ஏறியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் அடுப்பு கொஞ்சம் சிறிதாயிற்று.

சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடப்பது அபாயம். மயங்கி விழ நேரும்.

சரி, அந்தப் புது ஊசிகள்? அவை வேலை செய்கின்றன. அதை மறுப்பதற்கில்லை. வெகோவியில் உள்ள மருந்தை 68 வாரம் போட்டுக்கொண்டவர்களுக்கு எடை சராசரி 15 சதவீதம் இறங்கியது என்று 2021-ல் வெளியான சோதனை காட்டியது. ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும்? அதே ஆட்களில் ஒரு பகுதியினரை மேலும் ஓர் ஆண்டு கவனித்தார்கள். இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது! ஊசியால் இறங்கும் எடையிலும் ஒரு பகுதி தசைதான். உடம்பு மிகப் பருத்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுப்பது வேறு. மகள் கலியாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது வேறு.

ஒல்லியானவருக்கும் தொந்தி!

இரண்டு டாக்டர்களின் புகைப்படம் 2004-ல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் லண்டன் யுட்கின். இருவரும் நண்பர்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கைப் பார்த்தால் இருவருக்கும் ஒரே எண், 22.3. இரண்டு பேரும் பருமன் இல்லை. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது, லண்டன்காரருக்கு 9 சதவீதம். நம் நாட்டுக்காரருக்கு 21 சதவீதம்!

நம்மவர்களின் உடம்பு வாகு அப்படி. கை கால் ஒல்லியாக இருக்கும். கொழுப்பு வயிற்றில் உட்கார்ந்திருக்கும். ஆரம்பத்திலேயே தசை குறைவு. அதிலும் வயதானால் கரைகிறது. ஆகையால் நமக்குத் தராசைவிடத் தையற்காரர் டேப்தான் நல்ல சாட்சி. தொப்புளை ஒட்டி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35 அங்குலம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், சுமார் 31 அங்குலம். அதற்கு மேல் போனால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிடுவது நல்லது. அளக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கக் கூடாது!

தட்டில் என்ன மாற்றலாம்?

2025-ல் சென்னை டாக்டர்கள் பங்குகொண்ட அகில இந்திய ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. இந்தியர்கள் உணவிலிருந்து பெறும் கலோரியில் 62 சதவீதம் அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுச் சத்திலிருந்து வருகிறதாம். புரதச் சத்து மிகவும் குறைவு. மாவுச் சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் முதலியவற்றைச் சேர்த்தாலே சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு குறையும் என்று அது கூறுகிறது.

தசை புரதத்தால் ஆனது. 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம். நவராத்திரிக்கு மட்டும் சுண்டல் என்று யார் சட்டம் போட்டார்கள்? சாயங்காலம் முறுக்கும் மிக்சரும் தின்கிற நேரத்தில் சுண்டல் தின்னலாம். மதியம் மூன்றாம் தடவை சோறு போடும்போது நிறுத்திக்கொண்டு, கூட்டை இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளலாம். காசு அதிகம் ஆகாது. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.) வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவருக்கும் பருப்பு மிஞ்சுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பாதி வேலை. தசைக்கு வேலை கொடுப்பது மறுபாதி. நடப்பது மிகவும் நல்லது. ஆனால் நடை மட்டும் தசையை வளர்க்காது. கனம் தூக்க வேண்டும், அல்லது நம் உடம்பையே தூக்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் கையை வைத்துத் தள்ளுங்கள். மாடிப்படி ஏறுங்கள். எனக்கு வயது முப்பத்தைந்து. இந்தக் கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஆபீஸ் லிப்டில் ஏறவில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள்!

"இந்த வயதில் இனி என்ன தசை வளரப் போகிறது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி உண்டு.

1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது 90! தளர்ந்துபோனவர்கள். டாக்டர் மேற்பார்வையில், காலால் கனத்தைத் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வாரம் மூன்று நாள். மொத்தம் எட்டு வாரம்.

ஒருவர் நடுவில் விட்டுவிட்டார். ஒன்பது பேர் முடித்தார்கள். கால் பலம் சராசரி 174 சதவீதம் கூடியிருந்தது. தொடைத் தசையும் பருத்திருந்தது.

அவர்களில் இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள்.